கோலமாவுக்காரரின் குழாய்

மதுரை வட்டாரத்தில் ‘மைக் செட்’ என்ற சொல்லுக்குள் ஒரு கடையே அடங்கிவிடும். மைக், ஆம்ப்ளிஃபையர், வேப்பமரத்தில் ஏற்றிக் கட்டும் குழாய், சீரியல் பல்பு, கட்டுக்கம்பி எல்லாம் சேர்ந்தால்தான் மைக் செட். பங்குனித் திருவிழா, வைகாசி விசாகம், கந்த சஷ்டி, தைத் தெப்பம் என்று ஆண்டு முழுவதும் விழாக் காணும் திருப்பரங்குன்றத்தில் இந்தத் தொழிலுக்கு ஓய்வு குறைவு. குழாயை மலைப்பக்கம் திருப்பினால் பாறை ஒவ்வொரு சொல்லையும் மறுமுறை சொல்லிக் குழப்பும் என்பதை இங்குள்ள மைக் செட்காரர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் அறிந்தவர்கள். அந்த அறிவு ஒரு மொபெட்டின் மேல் ஏறிய விதத்தைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் தெருவுக்குக் கோலமாவு கொண்டுவரும் பெரியவர் முதலில் சைக்கிளிலும் பிறகு டி.வி.எஸ். வண்டியிலும் முப்பது ஆண்டுகளாகக் கூவி விற்றவர். குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, உரக்கப் பேசலாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கூவி விற்பவருக்கு அது கடையை மூடு என்று சொல்வதற்குச் சமம். மருமகன் எங்கிருந்தோ ஓர் ஆம்ப்ளிஃபையரும் கார் ஸ்பீக்கர் இரண்டும் வாங்கி வண்டியின் முன்புறம் கட்டிக்கொடுத்தார். பெட்டியின் மேல் ‘1000 வாட்’ என்று அச்சிட்டிருந்தது. சத்தம் வந்தது, சொல் வரவில்லை. ஒலியைக் கூட்டினால் இரைந்தது. பெரிய ரத வீதியைத் தாண்டுமுன் பேட்டரி இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்களில் ஒருவர் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தவர் என்பதால், “தம்பிகளா, இதக் கொஞ்சம் பாருங்கப்பா” என்று எங்களிடம் வந்து நின்றார்.

கணக்கு எளியது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1000 வாட் எடுக்க வேண்டுமானால், எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் 83 ஆம்பியர் ஓட வேண்டும். வண்டியின் ஃப்யூஸோ 10 ஆம்பியர். அந்த 12 வோல்ட்டை உயர்த்தாமல் அப்படியே பயன்படுத்தும் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் ‘பிரிட்ஜ்’ முறையில்கூட, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாமல் தரக்கூடியது 18 வாட்தான். அதற்கு மேல் முறுக்கினால் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். காதில் இரைச்சலாக விழுவது அந்த வெட்டுதான். போதாததற்கு அந்த ஸ்பீக்கர்கள் பெட்டிக்குள் அடைபடாமல் வெறுமனே தொங்கின. அப்படித் தொங்கினால் தாழ்ந்த ஒலிகளில் முன்புற அலையும் பின்புற அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

மைக் செட் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் அழைத்துப் போனோம். அவர் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பரணிலிருந்து ஒரு சிறிய குழாயையும் யூனிட்டையும் இறக்கி, “பேச்சுக்கு இதுதான்” என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு கணக்கிட்டுப் பார்த்து வியந்தோம். சாதாரண கார் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 88 டெசிபல் கேட்கும். குழாய்க்கு அதே 1 வாட் கொடுத்தால் ஏறத்தாழ 108. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு மின்திறன் தேவை என்பதால், இந்த 20 டெசிபல் வேறுபாடு நூறு மடங்குக்குச் சமம். பெட்டியின் மேலிருந்த 1000 வாட் பொய். ஆனால் குழாய்க்கு 10 வாட் கொடுத்தால் அந்தப் பொய் மெய்யாகிவிடும். கூம்பு ஒலியை உண்டாக்குவதில்லை. யூனிட்டுக்குள் இருக்கும் சிறு தகட்டின் இறுக்கமான அசைவை, எதிர்ப்பே காட்டாத வெளிக்காற்றோடு படிப்படியாகச் சேர்த்துவைக்கிறது. ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் பொருத்துவது பற்றியே பேசுகிறோம். ஸ்பீக்கரைக் காற்றோடு பொருத்துவது அதனினும் பெரிய வேலை.

முதல் பொருத்தத்தையும் அண்ணன் விட்டுவிடவில்லை. யூனிட் 16 ஓம். 4 ஓமுக்கென்று செய்த ஆம்ப்ளிஃபையரில் அதை மாட்டினால் கால்பங்குத் திறனே கிடைக்கும். ஆகவே 12 வோல்ட்டில் ஓடும் 20 வாட் பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை எடுத்து, அதன் பின்புறம் 4, 8, 16 என்றிருந்த முனைகளில் 16இல் இணைத்தார். நாளை இரண்டாவது குழாயையும் இணையாகச் சேர்த்தால் 8க்கு மாற்ற வேண்டும் என்று பெரியவருக்கே சொல்லிக்கொடுத்தார். கூம்பு தாங்காத தாழ்ந்த ஒலிகள் யூனிட்டின் தகட்டைக் கிழித்துவிடாதிருக்க, வழியில் 33 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. வண்டியின் பேட்டரியைத் தொடாமல், யு.பி.எஸ்.ஸில் போடும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி தனியாக. பாட்டுக்கு இந்த ஏற்பாடு உதவாது. தொலைபேசியைப் போல நடுத்தர ஒலிகளை மட்டுமே தரும். சொல்லை அடையாளம் காண அதுவே போதும்.

குரலுக்கு என்ன செய்வது? கூவிப் பதிந்த குரல்கள் மெமரி கார்டில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. பெரியவர் ஒப்பவில்லை. “என் சத்தத்தக் கேட்டுத்தான வெளிய வருவாக” என்றார். மூன்று வாரம் அடக்கிவைத்த தொண்டையோடு ஒரு மாலை எங்கள் வீட்டு உள்ளறையில், சுற்றிலும் போர்வை தொங்கவிட்டு, உரக்க அல்லாமல் இயல்பாகச் சொல்லச் செய்து பதிந்தோம். உரப்பது குழாயின் வேலை. நான்கே முறை. நான்காவதில் அந்தப் பழைய இழுவை வந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிப் பொருத்தம் தெருவோடு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி கேட்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் தடை. பொது இடத்தின் எல்லையில் அப்பகுதிக்குரிய சுற்றுப்புற ஒலி வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டலாகாது. எங்கள் குழாயோ ஒரே வாட்டில் 10 மீட்டர் தள்ளி 88 டெசிபல் கொடுக்கக்கூடியது. திருவிழாக் குழாய்களுக்கு நடுவே வாழும் எங்களுக்கு, கைக்குழந்தையும் நோயாளியும் உள்ள வீட்டில் அது என்ன செய்யும் என்று தெரியும். அனுமதிக்கு மனு எழுதிக்கொடுத்ததோடு, நாங்கள் தெருவில் நடந்து நடந்து கேட்டு, அடுக்களையில் இருப்பவருக்குச் சொல் புரிகிற இடத்தில் குமிழை நிறுத்தி, அங்கே நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தோம். பெரும்பாலும் ஒரு வாட்டில் சிறு பங்குதான் செலவாகிறது. பள்ளிக்கூடத்தருகே அவரே அணைத்துவிடுகிறார்.

இப்போது வண்டி நிற்கிறது, குரல் கூவுகிறது, பெரியவர் வாய்திறவாமல் படியில் மாவு அளக்கிறார். முதல் வாரம் சிலர் அதை வேடிக்கையாகப் பார்த்தார்கள். மாலையில் வீடு திரும்பியபின், பேத்திக்குக் கதை சொல்லும் அளவுக்கு அவரிடம் குரல் மிச்சமிருக்கிறது.