வழி தெரிந்தவர் சொன்னால்தான் வரைபடம்

காலை 7 மணிக்கு வர வேண்டிய லாரி 8 மணி ஆகியும் வரவில்லை. கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் கதலி வாழை வைத்திருக்கும் அந்த விவசாயி, வெயில் ஏறும் முன்பே ஆள் விட்டு வெட்டை முடித்திருந்தார். தார்களெல்லாம் தோட்டத்து முகப்பில் சருகு மேல் அடுக்கிக் கிடந்தன. வியாபாரி சேலத்திலிருந்து வண்டி அனுப்பியிருந்தார். டிரைவர் ஊருக்குப் புது ஆள்.

எட்டேகாலுக்கு போன் வந்தது.

"வண்டி சேத்துல இறங்கிடுச்சுங்கண்ணா. போன் இந்த வழியத்தான் காட்டுச்சு."

போய்ப் பார்த்தால், கிளை வாய்க்கால் கரையில் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அந்தக் கரையில் உர மூட்டை வைத்த பைக் போகும். காய்ந்த காலத்தில் டிராக்டர் போகும். முந்தின ராத்திரி பெய்த மழைக்குப் பிறகு கனத்த வண்டி போகவே போகாது. ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. போனுக்குத் தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கொண்டுவந்து, கயிறு கட்டி இழுத்து, வண்டியைத் தார் ரோட்டுக்கு ஏற்றும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கதலி கிலோ கணக்கில் போகிற சரக்கு. வெட்டிய தார் வெயிலில் கிடந்தால் எடை இறங்கும், காம்பு வாடும். வியாபாரியும் அதைச் சொல்லியே விலையைக் குறைத்தார். டிராக்டர் வாடகையும் இவர் தலையில்தான் விழுந்தது. பத்து மாதத்துக்கு மேல் பார்த்த வெள்ளாமையில், கடைசி அரை நாளில் கை நழுவிப் போனது அந்தப் பணம்.

அந்தக் கோபம் சனிக்கிழமை வரை ஆறவில்லை. கோவையில் இன்ஜினீயரிங் படிக்கும் மகள் வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"ஏங்கண்ணு, ஆகாசத்துல இருந்து பாக்குற சேட்டிலைட்டுக்கு, கரையில சேறு கிடக்கறது தெரியாதா?"

"சேட்டிலைட் வழிய பாக்கறதே இல்லீங்கப்பா. அது மணி மட்டும்தான் சொல்லுது."

அவருக்கு இது புதுச் செய்தி. மகள் விளக்கினாள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. 'இப்போது நேரம் இது, நான் இருக்கும் இடம் இது' என்று மட்டும் அவை ஓயாமல் அலை அனுப்புகின்றன. அந்த அலை வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போன் கணக்குப் போடுகிறது. நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ரோடு எது, வாய்க்கால் கரை எது என்பது அந்த அலையில் கிடையாது.

"அப்ப ரோடு இருக்கறத யாரு சொல்றது?"

"யாராவது ஒரு மனுசன் முன்னாடியே எழுதி வெச்சிருக்கணும். செயற்கைக்கோள் வர்றதுக்கு முன்னாடி இருந்தே அப்படித்தானுங்கப்பா."

காருக்கு வழிகாட்டும் கருவி செயற்கைக்கோளோடு பிறந்ததில்லை. 1981-ல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் தன் காரில் ஒரு கருவியைக் கொடுத்தது. ஹீலியம் வாயுவைக் கொண்டு வேலை செய்த ஒரு சுழல்மானி, கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறிந்தது. ஓடிய தூரத்தையும் அதோடு சேர்த்துத் திரையில் ஒரு புள்ளி நகரும். அந்தத் திரைக்கு முன்னால் கண்ணாடி மாதிரியான வரைபடத் தாளைச் செருக வேண்டும். எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதை ஓட்டுபவர்தான் குறித்துக்கொடுக்க வேண்டும்.

அடுத்து 1985-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஈடாக் என்ற நிறுவனம் ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைத் தொடங்கிய ஸ்டான் ஹனி, பாய்மரப் படகுப் போட்டிகளில் திசை பார்க்கும் வேலை தெரிந்தவர். பசிபிக் தீவுகளின் கடலோடிகள் வழி கண்டுபிடிக்கும் முறைக்கு வழங்கிய சொல்லைத்தான் நிறுவனத்துக்குப் பெயராக வைத்தார். பாட்டுக் கேட்கும் கேசட் போன்ற நாடாவில் தெரு வரைபடம் இருக்கும். சக்கரம் சுற்றுவதை எண்ண ஓர் உணரி, திசைக்கு ஒரு காந்தமானி. இந்த முறையில் போகப் போகப் பிசகு சேர்ந்துகொண்டே வரும். அதற்கு ஒரு யுக்தி வைத்திருந்தார்கள். கார் வளைந்து திரும்பும்போது, வரைபடத்தில் அதேபோல் திரும்பும் தெரு எது என்று பார்த்து, புள்ளியை அந்தத் தெருவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும்.

இதைக் கேட்டதும் அவர் சிரித்தார். சந்தைக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பும்போது அவருடைய அப்பா வண்டியிலேயே படுத்துத் தூங்கிவிடுவார். மாடுகள் திருப்பம் பார்த்துத் திரும்பி வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

"ஆனா நம்ம மாடு மழை நாள்ல வாய்க்கால் கரையில கால் வெக்காது கண்ணு" என்றார்.

மகள் மேலும் சொன்னாள். 1987-ல் டொயோட்டா காரில் வரைபடம் சி.டி.க்கு மாறியது. 1990-ல் மாஸ்டா நிறுவனத்தின் யூனோஸ் காஸ்மோ காரில் ஜி.பி.எஸ். சேர்ந்தது. அப்போதும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிசகு வைத்திருந்ததால், சுமார் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000-ம் ஆண்டு மே மாதம் அந்தப் பிசகை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் எந்த ரோட்டில் நிற்கிறோம் என்று நம்பிச் சொல்ல முடிந்தது. அவருடைய தோட்டத்துக்கு வரும் தார் ரோட்டுக்கும் வாய்க்கால் கரைக்கும் நடுவே 100 மீட்டர்கூட இருக்காது.

இடத்தைச் சொல்வது இப்படித் துல்லியமானது. வழியைச் சொல்வது மட்டும் அன்று போலவே இன்றும் வரைபடத்தைப் பொறுத்தது. ஈடாக் நிறுவனமும் தெருக்களைக் கணினிக்குள் ஏற்றுவதற்குப் பெரும்பாடு பட்டது. கருவி பழசாகிப் போனாலும், அந்த வரைபடம்தான் பல கை மாறி நிலைத்தது. கோடு போட்டவருக்கு அது பாதை என்று தெரிந்திருக்கும். லாரி தாங்குமா, மழைக்கு இறங்குமா என்பது அங்கே வண்டி ஓட்டியவருக்குத்தான் தெரியும்.

அன்று மாலையே இரண்டு பேரும் நடந்து போனார்கள். வரைபடத்தில் தவறு இருந்தால் தெரிவிக்கும் வசதி போனிலேயே இருக்கிறது. கரை பிரியும் இடத்தில் நின்று, 'கனரக வண்டி போகாது' என்று எழுதிப் படத்தோடு அனுப்பினாள் மகள். கிணற்று மேட்டுக் களத்துக்குப் போகும் மண் தடத்தைப் பற்றியும் எழுதினாள். சில வாரம் கழித்து ஒன்று திருத்தப்பட்டது. வாய்க்கால் கரை அப்படியே இருந்தது.

அதற்காக அவர் காத்திருக்கவில்லை. வண்டி வரும் நாளில் ஊர்ப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். எடை போடும் இடத்தில் நின்றுகொண்டு, அந்த இடத்தை வாட்ஸ்அப்பில் முதல் நாளே டிரைவருக்கு அனுப்புகிறார். கூடவே குரல் பதிவு ஒன்று: "ரேஷன் கடை தாண்டி, வேப்பமரத்துக்கிட்ட வலது பக்கம் திரும்புங்க தம்பி. வாய்க்கால் கரைக்கு மட்டும் இறங்காதீங்க. போன் சொன்னாலும் இறங்காதீங்க." சிக்னல் கிடைக்காத இடம் என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளவும் சொல்கிறார்.

கரை பிரியும் இடத்தில் பழைய தகரம் ஒன்றில் வெள்ளை பெயின்டால் 'லாரி போகாது' என்று எழுதி நட்டும் வைத்தார். "நம்ம ஊரு வழி நமக்குத் தெரியாதுங்களா, இதெதுக்குங்க?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டார்.

"நமக்குத் தெரியுங்க. நம்ம சரக்க எடுக்க வர்றவனுக்குத் தெரியோணுமல்லங்க."

அடுத்த வெட்டுக்கு வேறொரு டிரைவர் வந்தார். வண்டி ஏழு மணிக்கு முன்பே களத்தில் நின்றது. வழி சிரமமில்லையே என்று விசாரித்தார் விவசாயி.

"போன் கரைப் பக்கம்தாங்க திரும்பச் சொல்லுச்சு. தகரத்தப் பாத்துட்டு நேரா வந்துட்டேன்."

இரண்டு மாதம் கழித்துப் பக்கத்துத் தோட்டக்காரரும் தன் தடத்து முனையில் ஒரு தகரம் நட்டார்.