பழி பனியின் மேல்

ஃபுளோரிடாவின் நடுப்பகுதியில் ஒரு பிஸ்மார்க் பனை பட்டுப்போனால் எல்லோரும் ஜனவரிக் குளிரைத்தான் திட்டுகிறார்கள். தெற்கே ஹோம்ஸ்டெட் நர்சரிகளில் மரம் பெயர்க்கும் வேலையைப் பார்த்தபோது, அந்தப் பழியில் பாதிகூட நியாயமாகப் படவில்லை. மடகாஸ்கரின் புல்வெளிகளில் பிறந்த இந்த மரம் நம் பனைக்கு நெருங்கிய உறவு. ஆண், பெண் தனித்தனி. கொட்டை முளைக்கும்போது பனங்கிழங்கைப் போலவே நேரே கீழே இறங்கும். வேரில் கைவைத்தால் பொறுக்காது. அதனால் பெயர்ப்பதற்குப் பல வாரம் முன்பே ஆட்கள் தூரைச் சுற்றி வட்டமாக வேரை வெட்டி, மரத்தை அசைக்காமல் விட்டுவைக்கிறார்கள். ஹோம்ஸ்டெட் சுண்ணாம்புக்கல் பூமி. மண்வெட்டி இரண்டு தடவை இறங்கினால் மூன்றாவது தடவை கல்லில் பட்டு எகிறுகிறது. வெட்டுப்பட்ட வேர் அழுகினாலும் தூரிலிருந்து புதுவேர் கிளம்ப அவகாசம் வேண்டும், சூடான மண்ணும் வேண்டும். மட்டைகளைக் கட்டுவது, கிரேனில் தூக்குவது எல்லாம் ஒரு நாள் வேலை.

வெள்ளி இலை வகை உறைநிலைக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியைச் சற்று நேரம் தாங்கும். பச்சை இலை வகை அவ்வளவு தாங்காது. ஆனால் இதெல்லாம் வேர் பிடித்த மரத்துக்குத்தான். கோடைத் தொடக்கத்தில் நட்டால் குளிருக்கு முன் ஆறேழு மாதம் கிடைக்கும். வீட்டுச் சாவி கொடுக்கும் தேதிக்காக நவம்பரில் நடும் காண்ட்ராக்டர் அந்த அவகாசத்தைத் தின்றுவிடுகிறார். வரிசை ஒரே உயரமாகத் தெரிய நெட்டை மரத்தை ஆழமாகப் புதைப்பவர்களும் உண்டு. அதில் வேர் மூச்சுமுட்டிப் போகும். பனைக்கு இருப்பது ஒரே குருத்து. அது அழுகினால் பக்கக் கிளை விட வழியில்லை.

பூமி சூடாகிறதே, இனி என்ன கவலை என்பார்கள். எந்தச் செடி எந்தக் குளிரைத் தாங்கும் என்று மண்டலம் பிரித்து 2023-இல் வந்த அமெரிக்க வேளாண்துறை வரைபடம் நாட்டின் ஏறக்குறையப் பாதியை அரை மண்டலம் சூடான பக்கம் நகர்த்தியது உண்மை. அது வருடந்தோறும் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையின் முப்பது வருடச் சராசரி. மரத்தைக் கொல்வதோ ஒரே ஒரு ராத்திரி. 1983, 1985, 1989 உறைபனிகள்தான் ஆரஞ்சுத் தோப்புகளை நடு ஃபுளோரிடாவிலிருந்து தெற்கே துரத்தின. வடமேற்குக் காற்று தண்ணீரைக் கடக்கையில் சற்றுச் சூடேறும் என்பதால் ஏரியின் தென்கிழக்குக் கரையில் தோப்பு போடும் சூட்சுமம் தோப்புக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. தோப்பு அழிந்த நிலங்களில் முளைத்த குடியிருப்புகள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. உள்ளூர் சாபல் பனை இருக்க பிஸ்மார்க் எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் வலுவான பதில் இல்லை. அழகுக்காக வைக்கிறார்கள், வைக்கட்டும், ஒழுங்காக வைக்கட்டும்.

ஒழுங்காக வைப்பது என்றால் கொளுத்தும் வெயிலில் வேலை. குளிரிலிருந்து மரத்தைக் காப்பாற்றும் உழைப்பு வெயிலில்தான் நடக்கிறது. ஹோம்ஸ்டெட் இருக்கும் மயாமி-டேட் வட்டாரம், வெளிவேலை ஆட்களுக்குத் தண்ணீர், நிழல், ஓய்வைக் கட்டாயமாக்கப் பரிசீலித்து வந்தது. உள்ளாட்சிகளுக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று 2024-இல் மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. வேர்வெட்டுக்குத் தனிக் கூலி, வெயில் நேரத்துக்கு ஓய்வு, நவம்பர் தொடங்கினால் நடவு இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதினால் மரத்தின் விலை ஏறும். ஏறட்டும், பட்ட மரத்தைப் பிடுங்க மறுபடி கிரேன் கூப்பிடும் செலவை இப்போதும் யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.