வானத்தில் பச்சை வெளிச்சம் பார்க்க: நகரமா, காட்டுப் பக்கமா?

போன டிசம்பர் லீவில் நோர்வேயில் எடுத்த போட்டோக்களைப் போட்ட நாளிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்வி. "சேர், ட்ரொம்சோ நல்லதா, அபிஸ்கோ நல்லதா?" வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கல்வியியற் கல்லூரியில் கற்பித்தல் பயிற்சிக்காக நான் எடுத்த முதல் பாடம் பூமியின் காந்தப்புலம். பச்சைச் சோக்கால் கரும்பலகையில் ஓரோரா வரைந்தேன். அதற்குப் பிறகு பத்து வருடமாக, நான் காணாத ஒன்றை ஒவ்வொரு வகுப்புக்கும் வரைந்து கொண்டிருந்தேன். ஒஸ்லோவில் இருக்கும் ராத்தா உம்மாவையும் என்னையும் கூப்பிட்டபோது, சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு கிளம்பியதற்கு அதுதான் காரணம்.

என் மனதில் இருந்தது அபிஸ்கோ. சுவீடனின் வட மூலையில், ஒரு பெரிய ஏரிக்கரையில் இருக்கும் மிகச் சிறிய கிராமம். 1909இலேயே தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம் அதன் பக்கத்தில் இருக்கிறது. நோர்வேயின் நார்விக்கிலிருந்து ரயிலில் போகலாம்.

ஏன் அபிஸ்கோ? பச்சை வெளிச்சம் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாக விழுகிறது. ட்ரொம்சோ, அபிஸ்கோ இரண்டுமே அந்த வளையத்துக்குக் கீழேதான் வருகின்றன. ஆகவே வெளிச்சத்தில் பெரிய வித்தியாசமில்லை, வித்தியாசம் முகிலில். வெளிச்சம் உருவாவது 100 கிலோமீற்றருக்கும் மேலே, முகில் இருப்பதோ அதற்கு வெகு கீழே. முகில் மூடினால் எல்லாம் முடிந்தது. ட்ரொம்சோ கடலுக்குள் இருக்கும் ஒரு தீவு நகரம், ஈரக்காற்று நேரே வந்து மோதும். அபிஸ்கோவுக்கு வரும் காற்று நோர்வே மலைகளில் பனியைக் கொட்டிவிட்டு வறண்டுபோய் வருகிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் கச்சான் எப்படி வருகிறதோ, அதே கதைதான். அபிஸ்கோவில் வருடத்துக்கு ஏறக்குறைய 300 மில்லிமீற்றர்தான் விழுகிறது. ட்ரொம்சோவில் அதைப்போல மூன்று மடங்கு.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் நாங்கள் ட்ரொம்சோவுக்குத்தான் போனோம். காரணம் உம்மா. வயது 68, முழங்காலில் வருத்தம். அபிஸ்கோவில் குளிர் சைபருக்குக் கீழே இருபது, முப்பது வரை இறங்கும். கடலின் வெதுவெதுப்பால் ட்ரொம்சோவில் அந்தளவு இறங்காது. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒஸ்லோவிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் விமானத்தில் போய்விடலாம். பள்ளிவாசலும் இருக்கிறது. உம்மாவின் முதல் கேள்வியே அதுதான்: சூரியன் உதிக்காத ஊரில் எப்படித் தொழுவது? நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் எழுவதில்லை. அந்த நாட்களில் மக்கா நேரத்தை வைத்துத் தொழும் வழக்கம் அங்கே இருக்கிறது என்று ராத்தா சொன்ன பிறகுதான் உம்மாவின் முகம் தெளிந்தது.

கிளம்புவதற்கு முன்பு உம்மா ஒரு வார்த்தை சொன்னா. "நீங்க போய் அந்தக் காட்டுப் பக்கமே பார்த்துட்டு வாங்க மகன். நான் ஒஸ்லோவிலயே இருக்கன்." வெளியில் வேண்டாம் என்று சொன்னேன். உண்மையைச் சொல்வதென்றால், அந்த இரவு முழுக்க, சரியென்று சொல்லியிருக்கலாமோ என்றுதான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ட்ரொம்சோவில் முதலிரண்டு இரவும் பனிமழை. போனில் அபிஸ்கோ வானிலையைத் திறந்து பார்த்தால், அங்கே தெளிந்த வானம்! ராத்தாவிடம் எரிந்து விழுந்தேன். "நான் சொன்னதைக் கேட்டிருந்தால்" என்று தொடங்கி வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உம்மா பக்கத்து அறையில் இருந்தா. கேட்டிருப்பா. ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தா.

மூன்றாம் இரவு முகிலைத் துரத்திப்போகும் பஸ்ஸில் ஏறினோம். ஒரு ஆளுக்கு ஆயிரம் குரோனருக்கு மேல், என் அரை மாதச் சம்பளம். கரையில் முகில் என்றால் இவர்கள் உள்நாட்டுக்கு, சிலவேளை பின்லாந்து எல்லை தாண்டியும் கொண்டுபோவார்கள் (பாஸ்போர்ட்டை மறக்க வேண்டாம்). எங்களையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். இறங்கினால் மூக்குக்குள் ஐஸ் பிடிக்கிற குளிர். வானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புகைக் கோடு. உம்மா பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "இதுக்கா மகன் இவ்வளவு தூரம் வந்த?" என்று கேட்டா. போட்டோவில் பச்சையாகத் தெரிவது, மங்கலாக இருக்கும்போது கண்ணுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். குறைந்த வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். அரை மணித்தியாலத்தில் அந்தக் கோடு பிரகாசமாகி, சேலை உதறுவதுபோல ஆடத் தொடங்கியது. அப்போது பச்சை கண்ணுக்கே தெரிந்தது. உம்மாவும் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சுப்ஹானல்லாஹ் சொன்னா. நான் அழுதேன், அதை மறைக்க விரும்பவில்லை.

கடைசி இரவு நகரத்துக்குள்ளேயே, பிரஸ்ட்வன்னே ஏரிக்கரையில் தெரு விளக்குகளுக்கு மேலேயே தெரிந்தது. தங்கியிருந்த இடத்திலிருந்து பத்து நிமிட நடை. சப்பாத்தில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு உம்மா நடந்தே வந்தா.

ஆகவே என் பதில் இதுதான். தனியாக, அல்லது குளிர் தாங்கும் இளம் ஆட்களாகப் போகிறீர்கள், கையில் மூன்று இரவுதான் இருக்கிறது என்றால் அபிஸ்கோ. உம்மா, வாப்பா, சிறு பிள்ளைகள் கூட இருந்தால் ட்ரொம்சோ. ஆனால் நான்கைந்து இரவுக்குக் குறையாமல் போடுங்கள், அதில் ஒன்றுக்காவது பஸ் காசைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒரே இரவுக்குப் போகிறவர்களுக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். எனக்கு அபிஸ்கோ ஆசை இன்னும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உம்மா ஊருக்கு வந்து அயலவர்களிடம் வானத்தைப் பற்றிச் சொல்வதைவிட, முள்ளுச் சப்பாத்துப் போட்டு ஐஸ்ஸில் நடந்ததைத்தான் கூடச் சொல்றா.