வெட்டியும் நிற்கும் காடு

மலாக்கா தோட்டத்தில் வளர்ந்த எனக்கு மரம் வெட்டும் சத்தமே பிடிக்காது. பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தபோது, லயத்துச் சனமும் மூட்டை கட்டியது.

போன மாதம் பேராவின் மாத்தாங் சதுப்புக் காட்டுக்குப் போனேன். சுமார் 40,000 ஹெக்டேர். 1902 முதல் முறையான பராமரிப்பில் இருக்கிறது. கரிக்காக மரம் வெட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள், காடும் நிற்கிறது. ஓரிடத்தை முழுதாக வெட்டினால், அங்கே அடுத்த முழு வெட்டு சுமார் 30 ஆண்டு கழித்துத்தான்.

இங்கிலாந்தில் ஹேசல் மரத்தை வெட்டினால் அடிக்கட்டையே துளிர்க்குமாம். பாக்காவ் மரம் அப்படியில்லை. தாய்மரத்திலேயே முளைவிட்ட விதை சேற்றில் விழுந்து வேர்பிடிக்க வேண்டும். விழாத இடத்தில் ஆள் நடவேண்டும்.

நம் தோட்டங்களும் தானாகத் துளிர்க்கவில்லை. பட்டணத்துக்கு இடம் மாறிய தோட்டத் தமிழ்ப்பள்ளிகள்தான் நாம் நட்ட நாற்று. அங்கே உங்கள் பிள்ளை படிக்கிறதா?