ஒரே கொலை வழக்கு, மூன்று முடிவுகள்

உத்தரப்பிரதேசத்தில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். கொடூரமான குற்றம்தான். மூன்று பேருக்குத் தூக்கு. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. மூவரின் பங்கும் ஒன்றே.

உச்ச நீதிமன்றத்துக்கு மூவரும் தனித்தனியாகப் போனார்கள். வேறு வேறு நாள், வேறு வேறு நீதிபதிகள். ஜீதா சிங்கின் மனு தள்ளுபடி. கஷ்மீரா சிங்குக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்குக்குத் தள்ளுபடி. கருணை மனுவும் நிராகரிப்பு. கூட்டாளிக்குத் தண்டனை குறைந்த விவரம் நீதிமன்றப் பதிவகத்தின் குறிப்பிலேயே இருந்தது. நீதிபதிகளின் கவனத்துக்குத்தான் வரவில்லை!

இருவரையும் தூக்கிலிடக் குறித்த நாள் 1981 அக்டோபர் 6. ஹர்பன்ஸ் இன்னொரு மனு போட்டுத் தடை வாங்கினார். ஜீதா போடவில்லை, கதை முடிந்தது. உயிர் போவதும் தங்குவதும் ஒரு காகிதத்தில் இருக்கிறதென்றால், அதற்குப் பெயர் நீதியா? ஜெயிலில் இருப்பவருக்கு அநியாயம் நடந்தால் கதவையாவது திறந்துவிடலாம். தூக்குத் தண்டனையே வேண்டாம் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

1982 பிப்ரவரியில் தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, ஹர்பன்ஸின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. ஜீதா இறந்து அப்போது நான்கு மாதம்.