உதட்டுத் தழும்புக்காரர்

என் ஆல்பத்தில் 10 வயதிலிருந்து 35 வரை மொத்தம் 11 போட்டோ. (பி.காம். புத்தி, எண்ணிவிட்டேன்!) எல்லாவற்றிலும் எதையோ திருடி மாட்டிக்கொண்ட முழி.

நூலகத்தில் பெரு நாட்டு மண்பாண்டங்கள் பற்றிப் படித்தபோது, கேமரா இல்லாத காலத்திலேயே என்னை மிஞ்சிய ஒருவரைச் சந்தித்தேன்.

சுமார் 1,500 வருஷத்துக்கு முன்பு, அந்த நாட்டின் வடக்குக் கடலோரத்தில் இருந்தவர்கள் மோச்சே மக்கள். குயவர் சக்கரம் கிடையாது. அச்சில் களிமண்ணை அமுக்கி, மனுஷத் தலையையே ஜாடியாக்கிவிடுவார்கள். உச்சந்தலையில் வளைந்த குழாய். அதன்மேல் ஒரு மூக்கு. பொம்மை முகமில்லை சார், தெருவில் பார்த்தால் அடையாளம் சொல்லலாம்!

ஓர் ஆசாமிக்கு உதட்டில் தழும்பு. அதை வைத்தே, அவருடைய ஜாடிகள் 40-க்கு மேல் இருப்பதை ஆராய்ச்சியாளர் கிறிஸ்டோபர் டொனன் கண்டுபிடித்தார். சின்னப் பையனாக, மிடுக்கான இளைஞராக, முப்பதைத் தாண்டியவராக... எனக்குப் பொறாமை.

அடுத்த வரியில் பொறாமை போய்விட்டது. அதே மனிதர் கைதியாகவும் வடிக்கப்பட்டிருக்கிறாராம். பிடிபட்டவர்களைப் பலி கொடுப்பது மோச்சே வழக்கம். கிட்டத்தட்ட என் வயசு!

இத்தனை முகம் இருந்தும் பெயர் தெரியாது. அவர்களுக்கு எழுத்து இல்லையே.

வீட்டுக்கு வந்து மறுபடி ஆல்பத்தைத் திறந்தேன். அப்பாவின் பழைய குரூப் போட்டோ. பக்கத்தில் சிரிக்கிற நாலு பேர் யாரோ! அப்பா இருந்தவரை கேட்கத் தோன்றவில்லை.

எழுத்து இருந்து என்ன பிரயோஜனம்? பேனாவை எடுத்து, போட்டோக்களின் பின்னால் பெயர் எழுத ஆரம்பித்தேன். தெரிந்தவரைக்கும்.