உயிலில் ஓர் ஆட்டுமந்தை

1943 டிசம்பர் 22 அன்று இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் திருமதி ஹீலிஸ் என்ற பண்ணைக்காரப் பெண்மணி காலமானார். அக்கம்பக்கத்து மேய்ப்பர்களுக்கு அவர் ஆடு வளர்ப்பில் கைதேர்ந்தவர். வெளியுலகத்துக்கு அவர் பீட்டர் முயலின் கதையை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர். புத்தகங்களில் வந்த பணத்தையெல்லாம் நிலமாகவும் பண்ணையாகவும் வாங்கிச் சேர்த்தவர், 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் 14 பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். கணவர் வில்லியம் ஹீலிஸ் உயிரோடு இருக்கும்வரை அனுபவ உரிமை அவருக்கு. 1945இல் அவர் மறைந்ததும் எல்லாம் டிரஸ்டுக்கு. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. மலைப்பண்ணைகளில் ஹெர்ட்விக் இன ஆடுகளையே வளர்க்க வேண்டும்.

பழைய கட்டடங்களையும் நிலங்களையும் காக்கும் அமைப்புகளுக்குச் சொத்து எழுதி வைக்க விரும்புவோர் நாடி வருவது உயில் எழுதும் வழக்கறிஞர்களை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த நிபந்தனையை ஊன்றிப் படிப்பது நல்லது. பொதுவாக இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளைக் கண்டால் அவர்கள் தயங்குவார்கள். எழுதியவர் போன பிறகு காலம் மாறும், சந்தை மாறும், நிபந்தனை மட்டும் மாறாமல் நின்று எல்லோர் கையையும் கட்டிப்போடும். பாட்டரின் நிபந்தனை அப்படி ஆகவில்லை. காரணம் அந்த ஆட்டின் இயல்பிலேயே இருக்கிறது.

ஹெர்ட்விக் ஆடு மேயும் உயர்ந்த சரிவுகளில் வேலி கிடையாது. தாயோடு மேயும்போதே எது தன் மலை, எங்கே அதன் எல்லை என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அது பெரிதாகித் தன் குட்டிக்குக் கற்றுக் கொடுக்கிறது. மந்தையை ஒருமுறை விற்றுவிட்டு வேறு ஆடுகளை வாங்கி விட்டால் அவை மலை முழுக்கச் சிதறிப்போகும். அதனால்தான் அங்கே மந்தையின் ஒரு பகுதி நிலத்துக்கு உரியதாகவே வைக்கப்படுகிறது. குத்தகைக்காரர் வெளியேறும்போது அவர் பொறுப்பேற்றபோது இருந்த எண்ணிக்கையில், அதே தரத்தில் ஆடுகளைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஆக, ஆட்டைக் காப்பது என்பது அந்த மேய்ச்சல் முறையையும், கருங்கல் அடுக்குச் சுவர்களையும், பண்ணை வீடுகளையும் சேர்த்துக் காப்பது. 2001இல் கோமாரி நோய் பரவி ஏராளமான ஹெர்ட்விக் ஆடுகள் அழிந்தபோது, போனது ஆடுகள் மட்டுமல்ல, மலையை அறிந்த அறிவும்தான் என்பது வெளியாருக்கும் புரிந்தது. 2017இல் யுனெஸ்கோ லேக் டிஸ்ட்ரிக்டை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, அங்கு நூற்றாண்டுகளாக நடக்கும் ஆடு வளர்ப்பும் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்தது.

கொடுப்பவர் தான் கொடுக்கும் பொருளை இவ்வளவு ஆழமாக அறிந்திருந்தால் இறுக்கமான நிபந்தனை நிற்கும். மற்றவர்களுக்கு அது ஆபத்து.

பெரும்பாலோர் வந்து சொல்வது வேறு மாதிரி இருக்கும். "எங்கள் ஊர்ப் பழைய தேவாலயத்தின் கூரைக்கு என் பணம் போக வேண்டும்." நல்ல எண்ணம். ஆனால் உயில் இன்று எழுதப்படுகிறது, செயலுக்கு வருவது இருபது வருடம் கழித்தாக இருக்கலாம். அதற்குள் யாரோ கூரையை வேய்ந்து முடித்திருந்தால்? கட்டடமே கைமாறியிருந்தால்? அப்போது அந்தப் பணத்தை நெருக்கமான வேறொரு நோக்கத்துக்குத் திருப்ப அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையத்திடமோ நீதிமன்றத்திடமோ போக வேண்டியிருக்கும். சில வேளைகளில் கொடையே செல்லாமல் போய் மற்ற வாரிசுகளிடம் திரும்பிவிடும். ஆகவே அனுபவமுள்ள வழக்கறிஞர் கொடையை அமைப்பின் பொதுப் பணிக்கு என்று எழுதுவார். அடுத்த வரியில், இந்தத் தேவாலயத்தின் கூரைக்குச் செலவிட வேண்டும் என்பது என் விருப்பம், ஆனால் இது சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று சேர்ப்பார். மனதில் உள்ளதும் பதிவாகும், கையும் கட்டப்படாது. முதலில் கேட்கும்போது பலருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். பொறுமையாக உட்கார்ந்து விளக்க வேண்டிய இடம் இதுவே.

அடுத்த பொறி, பெயர். நேஷனல் டிரஸ்ட் என்று மட்டும் எழுதினால் போதும் என்று நினைப்பவர்கள் ஸ்காட்லாந்தில் 1931 முதல் இயங்கும் நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து முற்றிலும் வேறு அமைப்பு என்பதை அறிவதில்லை. கைவிடப்பட்ட தேவாலயங்களைக் காக்க 1969இல் தொடங்கிய ரிடண்டன்ட் சர்ச்சஸ் ஃபண்ட், 1994இல் சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் என்று பெயர் மாறியது. இங்கிலிஷ் ஹெரிடேஜ் 2015இல் இரண்டாகப் பிரிந்தது: அரசுக்கு ஆலோசனை சொல்லும் பணி ஹிஸ்டாரிக் இங்கிலாந்துக்கு, கோட்டைகளையும் மாளிகைகளையும் பராமரிக்கும் பணி புதிய அறக்கட்டளைக்கு. 1990களில் எழுதிய உயிலில் இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்று இருந்தால், எழுதியவர் மனதில் இருந்தது எது என்று இன்று தேட வேண்டும். இதற்காகவே உயிலில் அமைப்பின் முழுப் பெயர், முகவரியோடு அறக்கட்டளைப் பதிவு எண்ணையும் எழுதுகிறார்கள். நேஷனல் டிரஸ்டின் எண் 205846. பெயர் மாறினாலும், வேறொன்றோடு இணைந்தாலும், அதன் பணியைத் தொடரும் அமைப்புக்கே கொடை சேரட்டும் என்ற ஒரு வாக்கியமும் கட்டாயம் இருக்கும்.

பெறுபவரே மறைந்துபோன கதைக்கு இந்தியாவில் ஓர் உதாரணம் உண்டு. கல்கத்தாவில் வணிகம் செய்து பெரும் பொருள் ஈட்டிய சார்லஸ் வாலஸ் 1916இல் இறந்தார். அவர் சொத்தில் பெரும்பங்கு பிரிட்டிஷ் அரசின் கருவூலத்துக்கும் பிரிட்டிஷ் இந்தியாவின் கருவூலத்துக்கும் போக வேண்டியிருந்தது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவே இல்லாமல் போய்விட்டது. அதன் வாரிசு நாடுகளுக்கு இடையே உடன்பாடு ஏற்பட்டு, 1981இல் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் உருவானது. பழங்கால ஓவியங்களையும் கட்டடங்களையும் பாதுகாக்கும் பணியில் உள்ள இந்தியர்கள் பிரிட்டனுக்குப் போய்ப் பயில இன்றும் அந்தப் பணம் உதவுகிறது.

எவ்வளவு கொடுப்பது என்பதைவிட எப்படிக் கொடுப்பது என்பதில்தான் தொழில் நுணுக்கம் அதிகம். இத்தனை பவுண்டு என்று எழுதினால் விலைவாசி அதை மெல்ல அரித்துவிடும். கடன், செலவு, வரி, தனித்தனியாகக் கொடுத்தவை எல்லாம் போக மிஞ்சுவதில் இத்தனை பங்கு என்று எழுதினால், சொத்து வளர வளரக் கொடையும் வளரும். பெர்னார்ட் ஷா 1950இல் மறைந்தபோது மிச்சச் சொத்தை பிரிட்டிஷ் மியூசியம், ராயல் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட், அயர்லாந்தின் தேசிய ஓவியக்கூடம் ஆகிய மூன்றுக்கும் விட்டிருந்தார். 1956இல் அவருடைய 'பிக்மேலியன்' நாடகத்தைத் தழுவிய 'மை ஃபேர் லேடி' பிராட்வேயில் அரங்கேறியதும் உரிமைத்தொகை கொட்டியது. டப்ளின் ஓவியக்கூடம் அந்தப் பணத்தில் பல ஓவியங்களை வாங்கியது. அதே உயிலில் ஆங்கிலத்துக்குப் புதிய எழுத்துமுறை உருவாக்கவும் பணம் ஒதுக்கியிருந்தார். அது அறச்செயலாகாது என்று 1957இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு சமரசமாக 8,300 பவுண்டு அதற்குக் கிடைத்தது. ஒரே மனிதர், ஒரே உயில், இரண்டு வாசகங்கள்.

கட்டடத்தையே கொடுப்பவர்களிடம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: அதைப் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும்? மாளிகைச் சொந்தக்காரரான லோத்தியன் பிரபு தன் காலத்திலேயே இதைப் புரிந்துகொண்டவர். வாரிசு வரியின் சுமையில் பெரிய மாளிகைகள் ஒவ்வொன்றாக இடிபடுவதைப் பார்த்து 1934இல் நேஷனல் டிரஸ்ட் கூட்டத்தில் பேசினார். அதன் விளைவாக, மாளிகைகளை டிரஸ்ட் ஏற்க வழிவகுக்கும் சட்டம் 1937இல் வந்தது. 1940இல் அமெரிக்காவில் தூதராக இருக்கும்போதே அவர் இறந்தார். தன் பிளிக்லிங் ஹால் மாளிகையை, சுற்றியுள்ள நிலங்களோடு சேர்த்தே டிரஸ்டுக்கு விட்டிருந்தார். நிலத்தின் குத்தகை மாளிகையின் கூரையைத் தாங்கும். வருமானம் இல்லாத வெறும் மாளிகையை ஏற்க டிரஸ்ட் மறுக்கக்கூடும் என்பதைச் சொந்தக்காரரிடம் அவர் உயிரோடிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

வரிக் கணக்கில் ஒரு சுவையான இடம் உண்டு. பிரிட்டனில் அறக்கட்டளைக்குப் போகும் பணத்துக்கு வாரிசு வரி இல்லை. நிகரச் சொத்தில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ அறத்துக்குப் போனால், மீதிக்கான வரி 40 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறையும். இது 2012 ஏப்ரலிலிருந்து நடைமுறை. 5,25,000 பவுண்டு சொத்து என்று வைத்துக்கொள்வோம். வரி விலக்கு 3,25,000. வீட்டுக்கான தனி விலக்கு பொருந்தவில்லை. மிஞ்சும் இரண்டு லட்சத்தில் நான்கு சதவீதமான 8,000 பவுண்டைக் கொடுத்தால் குடும்பத்துக்குக் கிடைப்பது 4,40,200. பத்து சதவீதமான 20,000 கொடுத்தாலும் குடும்பத்துக்குக் கிடைப்பது அதே 4,40,200தான். கொடை இரண்டரை மடங்காகிறது, பிள்ளைகளுக்கு ஒரு பென்னி குறையவில்லை. நான்கு சதவீதம் கொடுக்க வந்தவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டாமல் அனுப்புவது கடமை தவறுவதே.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. இங்கிலாந்தில் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குடும்பத்தார் நியாயமான ஆதரவு கேட்டு வழக்குத் தொடுக்கலாம். 2004இல் இறந்த ஒரு தாய், மகளைத் தவிர்த்துவிட்டுச் சொத்தைப் பெரும்பாலும் விலங்கு நல அமைப்புகளுக்கு விட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல்தான் முடிந்தது. மகளுக்கு 50,000 பவுண்டு. பதின்மூன்று ஆண்டுகள்! உயிலோடு ஏன் இப்படி எழுதினேன் என்று ஒரு கடிதம் வைப்பதும், அதைவிட முக்கியமாக, பிள்ளைகளிடம் முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்வதும் இப்படிப்பட்ட கசப்பைக் குறைக்கும்.

உயிலை நிறைவேற்றுபவர் யார் என்பதும் அதே அளவு முக்கியம். 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் கோயில்களுக்கும் தருமங்களுக்கும் பெரும் பணம் எழுதி வைத்தார். பொறுப்பாளர்களிடையே சச்சரவு, வழக்கு என்று பல ஆண்டுகள் அது முடங்கிக் கிடந்தது. சென்னையில் அரசு தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயன்று, நீதிமன்றம் ஒரு திட்டம் வகுத்த பிறகே கோயில் கட்டளைகள் சீராயின. மிஞ்சிய பணத்தில் 1842இல் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது.

கையெழுத்து நாளில் கவனம் சிதறக்கூடாது. இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டின் உயில் சட்டம் கேட்பது, இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து பார்க்க வேண்டும் என்பது. சாட்சியோ, சாட்சியின் கணவரோ மனைவியோ பயனாளியாக இருந்தால் அவருக்கான கொடை போய்விடும், உயில் செல்லும். பக்கங்களை ஒருமுறை பின் அடித்துக் கட்டிய பிறகு அந்தப் பின்னை எடுக்கக்கூடாது, கிளிப்பும் மாட்டக்கூடாது. துளையோ துருக்கறையோ தெரிந்தால், உயிலுக்குச் சான்றளிக்கும் புரோபேட் அலுவலகம், இதோடு இன்னொரு தாள் இணைந்திருந்ததா என்று விசாரிக்கும். நகல் எடுக்க வேண்டுமானாலும் பக்கங்களைப் பிரிக்காமல் மடக்கித்தான் எடுப்பார்கள்.

ஏற்கெனவே உயில் வைத்திருப்பவர் முழுவதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. சிறிய மாற்றத்துக்கு ஒரு பிற்சேர்க்கை போதும். அதற்கும் அதே இரண்டு சாட்சிகள் விதிதான், ஆனால் பழைய சாட்சிகளாகவே இருக்க வேண்டும் என்றில்லை. எழுதும் முன் அந்த அமைப்பின் உயில்கொடைப் பிரிவோடு ஒருமுறை பேசிவிடுவது நல்லது. ஒரு பழைய கடிகாரத்தையோ ஒரு துண்டு மலைச்சரிவையோ அவர்களால் ஏற்க முடியுமா, என்ன வாசகம் அவர்களுக்கு வசதி என்பது அப்போதே தெரிந்துவிடும்.